வகுப்புக்கே ஒரே அப்பா

1

என் அப்பா சைகோனுக்கு வந்ததே இல்லை. அவருக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், ஓய்வுபெற்ற ஏட்டையா என்ற மரியாதையோடு, மெஸ் சாப்பாட்டைக் குறை சொல்லிக்கொண்டு தனியாக இருக்கிறார். ஆனால் இங்கே ஒரு வகுப்பு முழுக்க அவரைத் தன் அப்பா என்று சொல்லிக்கொண்டு திரிகிறது. காரணம் நான்தான்.

நான் இந்த ஊருக்கு வந்து எட்டு வருடம் ஆகிறது. காகிதத்தில் ஹோ சி மின் நகரம், வாயில் எல்லோருக்கும் சைகோன். வெளிநாட்டு வேலைக்குத் தேர்வு எழுதுகிற வியட்நாம்காரர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அதிலும் என் பங்குக்கு வந்தது உயர்நிலைச் சொற்கள். வெள்ளைக்கார வாத்தியாருக்குப் பேச்சுப் பயிற்சி, எனக்குச் சொற்கள். "தமிழச்சி போய் வியட்நாம்காரனுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்காளாம்ல" என்று ஊரில் சிரிக்கிறார்களாம். சிரிக்கட்டும். காலை ஏழு மணி வகுப்புக்கு மூக்கை மூடிக்கொண்டு ஸ்கூட்டர் கூட்டத்துக்குள் நுழையும்போது எனக்கே சில நாள் சிரிப்பு வரும், சில நாள் அழுகை வரும். பெரும்பாலும் கொட்டாவிதான் வரும்.

என் வீட்டுக்காரர் ராஜபாளையத்தில் பஞ்சாலை ஃபிட்டராக இருந்தவர். நான் வந்த அடுத்த வருடம் அவரும் வந்து இங்கே ஒரு நூல்மில்லில் சேர்ந்தார். "நாடுதான் மாறியிருக்கு, பஞ்சுத்தூசி மாறலைட்டி" என்பார். மகள் யாழினிக்குப் பதினான்கு வயது. அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அது தனி அலுப்பு.

2

வியட்நாம்காரர்களுக்கு ஆங்கில எழுத்து புதிதல்ல. அவர்கள் மொழியையே அந்த எழுத்தில்தான், மேலும் கீழும் புள்ளியும் கொக்கியும் போட்டு எழுதுகிறார்கள். அதனால் எந்தச் சொல்லையும் பார்த்த மாத்திரத்தில் உருப்போட்டுவிடுவார்கள். பட்டியல் கொடுத்தால் போதும், மறுநாள் தலைகீழாக ஒப்பிப்பார்கள். ஆனால் எந்தச் சொல்லை எங்கே உட்காரவைப்பது என்பதுதான் தெரியாது. ஒரு பெண் தன் மாமியாரைச் 'சுற்றுச்சூழலுக்கு உகந்தவர்' என்று எழுதியிருந்தாள். அந்த மாமியாரைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

நாம் மட்டும் என்ன ஒழுங்கா? நான் ராஜபாளையத்தில் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்த்தபோது, 'நான் விரும்பும் தலைவர்' கட்டுரை என்றால் நாற்பது தாளிலும் ஒரே தலைவர் ஒரே நாளில் பிறந்து, ஒரே காற்புள்ளியில் மூச்சு வாங்குவார். நானே அப்படிப் படித்து வந்தவள்தான். மனப்பாடம் என்பது எனக்குப் பிறந்த வீட்டுச் சீர்.

அதனால் இங்கே ஒரு வழி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பெரிய சொல்லையும் உங்களுக்குத் தெரிந்த ஒரு ஆளோடு முடிச்சுப் போட்டுவிடுங்கள், சொல் மறக்காது என்பேன். அன்றைக்கு மெட்டிகுலஸ் என்று ஒரு சொல். எதையும் பார்த்துப் பார்த்துப் பிசகில்லாமல் செய்கிறவரைச் சொல்வது. "அப்படி யாரைத் தெரியும்?" என்று கேட்டேன். வகுப்பு கப்சிப். இங்கே முதல் ஆளாக வாய் திறப்பதற்கு யாருக்கும் மனசு வராது, முந்திரிக்கொட்டை என்று பெயர் வந்துவிடும். சரி என்று நானே என் அப்பாவை வைத்துப் பலகையில் எழுதிக் காட்டினேன்.

என் தந்தை போலீஸ்காரர். மெட்டிகுலஸ் ஆனவர், காக்கிப் பேண்டை மடித்து மெத்தைக்கு அடியில் வைத்து, அதன்மேல் படுத்தே மடிப்பு விழவைப்பார். ஃப்ரூகல், அதாவது சிக்கனக்காரர். ஒரே பெல்ட்டில் சர்வீஸை முடித்தவர். ஸ்டோயிக், அதாவது எதற்கும் கலங்காதவர். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்தில் பந்தோபஸ்து பார்த்தபோது, கால் நசுங்கியும் இடத்தை விட்டு நகராமல் கூட்டத்தை ஒதுக்கினார்.

"இதே மாதிரி உங்கள் அப்பாவைப் பற்றி எழுதி வாருங்கள்" என்றேன்.

அடுத்த வாரம் எழுதி வந்தார்கள். இதே மாதிரி அல்ல, இதையே. வகுப்பில் அத்தனை பேருடைய அப்பாவும் போலீஸ்காரர். அத்தனை பேரும் பேண்டின்மேல் படுத்தார்கள். ஒரு பையனுடைய அப்பா இந்த ஊரில் பேர் போன பல் டாக்டர். அவரும் தேரோட்டத்தில் கால் நசுங்கி நிற்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூர் என்கிற பெயரை ஒருவர்கூட எழுத்துப் பிழை விடாமல் எழுதியிருந்தார்கள். நம் ஊர்ப் பேருந்திலேயே அது அப்படி எழுதியிருக்காது.

கோபத்தில் கத்தப் போனேன். அப்போது கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்து நின்றாள். அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா இறந்துவிட்டாராம். அவர்கள் பேச்சை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"இந்த அப்பா நல்லா இருக்காருங்க கோ. நான் இவரையே வச்சுக்கிடட்டுமா?"

கோ என்றால் டீச்சர். அத்தைக்கும் அதே சொல்தான். வச்சுக்கோ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கு மாலை அப்பாவிடம் போனில் இதைச் சொன்னேன். பெருமைப்படுவார் என்று பார்த்தால், குரல் ஏறிவிட்டது.

"ஏட்டி, தேர்ல எனக்கு எங்க காலு நசுங்குச்சு? செருப்புதான அந்துச்சு!"

"ஸ்டோயிக்குக்குச் செருப்பு காணாதுப்பா."

"போலீஸ்காரன் மகளா இருந்துக்கிட்டுப் பொய்சாட்சி சொல்லுதா பாரு" என்று வைத்துவிட்டார்.

3

வேலை அனுமதியைப் புதுப்பிக்கிற காலம் வந்தால் எனக்குக் காய்ச்சல் வந்த மாதிரி இருக்கும். பட்டச் சான்றிதழ் அசல்தான் என்று சென்னையில் ஒரு முத்திரை, அந்த முத்திரை அசல்தான் என்று டெல்லியில் ஒரு முத்திரை, அதை வியட்நாம் மொழியில் பெயர்த்தது சரிதான் என்று இங்கே ஒரு முத்திரை. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு இதோ அதோ என்பார்கள். அதற்குள் ஊரில் கல்யாணம், சடங்கு, சாவு எல்லாம் நம்மைக் கேட்காமல் நடந்து முடியும். போன தடவை நான் ஊருக்குப் போனது யாழினி என் தோளுயரம் இருந்தபோது. இப்போது நான்தான் அவள் தோளுயரம்.

இந்த முறை போலீஸ் சான்றிதழ் வேறு கேட்டார்கள், என்மேல் வழக்கு ஒன்றும் இல்லை என்று. விசாரிக்க ஒரு இளம் போலீஸ்காரர் அப்பா வீட்டுக்குப் போயிருக்கிறார். அப்பா அவரை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, சட்டைப் பித்தான் ஒன்று தொங்குவதைச் சுட்டிக்காட்டி, ஊசி நூலும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

"எம் மக மேல கேஸ் இருக்கான்னு என்கிட்டயே வந்து கேக்கான்" என்று போனில் ஒரே சலிப்பு.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒரே ஒரு கேஸ்தான் இருக்கு, வீட்டை விட்டுப் போயி ஆளக் காணலை, அதை எழுதிக்கோன்னேன்."

சிரித்தேன். அவரும் சிரித்தார். அதோடு பேச்சை மாற்றிவிட்டோம். எங்கள் வீட்டில் எதையும் அதற்குமேல் பேசிப் பழக்கமில்லை. அம்மா இருந்தவரை அவள்தான் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் சேதி கொண்டுபோவாள். தம்பி ராணுவத்தில், எப்போதும் ஏதோ ஒரு எல்லையில். அம்மா போன பிறகு அப்பாவும் நானும் பேசுவதெல்லாம் வெயில், மழை, மெஸ் ரசம்.

யாழினியிடம் போனைக் கொடுத்தால் அது இன்னொரு கூத்து. இங்கே பெரியவர்கள் பேசினால் பிள்ளைகள் மரியாதையாக 'யா' என்றுதான் பதிலைத் தொடங்க வேண்டும். அவளும் தாத்தாவுக்கு அதே மரியாதையைக் கொடுக்கிறாள். அப்பா என்னிடம் கேட்கிறார்: "என்னட்டி இவ, நான் எதைச் சொன்னாலும் யா, யாங்கா? துரைசாணி ஆயிட்டாளோ?" விளக்கிச் சொன்னேன். அவளுக்குத் தமிழில் கோபம் வராது, அழுகை வராது, கணக்கு வராது. பசிக்குது என்பதும் அம்மா என்பதும் மட்டும் தமிழில் வரும். அதைச் சொல்லித் திட்டினால் "யா" என்கிறாள்.

4

வகுப்பில் லான் என்று ஒரு பெண். நர்ஸ். முப்பது வயதுக்கு மேல். சைகோனில் வாடகை அறையில் இருந்து வேலை பார்க்கிறாள். ஊர் பென்ச்சே, தெற்கே, தென்னந்தோப்பு ஊர். அம்மா இல்லை, கூடப்பிறந்தவர் இல்லை. அப்பா மட்டும் தோப்பில் தனியாக இருக்கிறார். அயர்லாந்தில் ஒரு மருத்துவமனை லானை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது, ஆங்கிலத் தேர்வில் அவர்கள் கேட்கிற மதிப்பெண் வந்தால்.

தேர்வுக்குப் போனாள். பேச்சுத் தேர்வில், நீ மதிக்கும் ஒருவரைப் பற்றிச் சொல் என்றார்களாம். லான் கண்ணை மூடிக்கொண்டு என் அப்பாவைச் சொல்லிவிட்டாள். பேண்ட், பெல்ட், தேர், கால் எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. கேட்டுக்கொண்டிருந்த அதிகாரி நிதானமாக, "கால் நசுங்கிய பிறகு என்ன செய்தார்?" என்று கேட்டிருக்கிறார். லானுக்கு அதற்குமேல் பாடம் இல்லை. நர்ஸ் அல்லவா, நசுங்கின காலுக்கு என்னென்ன முதலுதவி என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். "உங்கள் அப்பா எப்போது இந்தியாவில் இருந்தார்?" என்று அடுத்த கேள்வி. முடிந்தது கதை. கேட்ட மதிப்பெண்ணுக்கு ஒரு நூலிழை குறைந்துபோனது.

இன்னும் ஒரே ஒரு தடவை எழுதலாம், அதிலும் போனால் அந்த இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று மருத்துவமனை சொல்லிவிட்டது. லான் என் முன்னால் உட்கார்ந்து அழுதாள். எனக்கு அவளைத் திட்டவும் தோன்றவில்லை, தேற்றவும் தெம்பில்லை.

"உன் அப்பாவைச் சொல்லிருக்கலாம்லா?" என்றேன்.

"எங்க அப்பாகிட்டப் பெரிய வார்த்தைக்கு ஒண்ணும் இல்லை கோ. தேங்காய் உரிப்பாரு. அம்புட்டுதான்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லை."

"சின்ன வார்த்தையிலயே சொல்லு. நான் கேக்கேன்."

மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். ராத்திரிச் சோற்றை முதலில் அம்மாவின் படத்துக்கு வைப்பாராம். வைத்துவிட்டு, அன்றைக்குத் தோப்பில் நடந்ததை எல்லாம் படத்திடம் சொல்வாராம். லான் லீவு முடிந்து சைகோனுக்குக் கிளம்பும்போது பத்திரமாகப் போ என்று ஒருநாளும் சொன்னதில்லையாம். வண்டிக்குப் பக்கத்தில் குனிந்து, முன்சக்கரத்தை ஒரு அமுக்கு, பின்சக்கரத்தை ஒரு அமுக்கு. காற்று இருந்தால் உள்ளே போய்விடுவாராம். இல்லாவிட்டால் பம்பை எடுத்து வந்து அடிப்பாராம்.

அதற்கு என்ன சொல் என்று லான் கேட்டாள். கேட்டால் பட்டென்று சொல்கிறவள் நான், அன்றைக்குத் திணறிவிட்டேன். உள்ளதைச் சொன்னால் எந்தச் சொல்லையும் அதன்மேல் ஒட்ட எனக்கு மனசில்லை. ஆனால் தேர்வு தேர்வுதான், மதிப்பெண் வேண்டும். சொலிசிட்டஸ் என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். ஒருவருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று முந்திக்கொண்டு கவலைப்படுகிற குணம் அது. லான் அதை நாலைந்து முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

"இது எங்க அப்பாவுக்கா?" என்று கேட்டாள். பொன்னாடை போர்த்திவிட்ட மாதிரி முகம் மலர்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு தினமும் வகுப்பு முடிந்ததும் உட்கார்ந்தோம். என் அப்பாவை அவள் வாயிலிருந்து கிளப்புவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஏதாவது தடுக்கினால் போதும், உடனே காக்கிப் பேண்ட் வந்துவிடும்.

5

தேர்வுக்கு முந்தைய வாரம், லான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், ஒரு பெரியவர் வகுப்பு வாசலுக்கு வந்தார். வெயிலில் கறுத்த ஆள். மோட்டார் சைக்கிளின் பின்னால் இளநீர்க் குலைகளைக் கட்டியிருந்தார். பென்ச்சேயிலிருந்து அப்படியே ஓட்டிவந்திருக்கிறார். லானின் அப்பா.

முதலில் என் வயதைக் கேட்டார். இங்கே அது தப்பில்லை. வயது தெரிந்தால்தான் அக்காவா தங்கச்சியா என்று முறை வைத்துக் கூப்பிட முடியும். நம் ஊரில் பஸ்ஸில் உட்கார்ந்ததும் "நீங்க எந்த ஊரு, யார் வீட்டு ஆளு" என்று கேட்பது போலத்தான். என் வயதுக்கு நான் அவருக்குத் தங்கச்சி முறை. ஆனாலும் பெண்ணுக்குப் பாடம் சொல்பவள் என்பதால் கோ என்றே கூப்பிட்டார். அறுபது வயதுக்காரர் கை இரண்டையும் சேர்த்து நின்றுகொண்டு அப்படிக் கூப்பிட்டபோது எனக்குக் கூச்சமாகிவிட்டது. என் அரைகுறை வியட்நாம் மொழியில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"இந்தத் தடவை பாஸ் ஆயிருவாளா கோ?"

முகத்தைப் பார்த்தேன். ஆகிவிடுவாள் என்று சொல்ல வேண்டும் என்று இருக்கிறாரா, மாட்டாள் என்று சொல்ல வேண்டும் என்று இருக்கிறாரா? எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. ஒரு நொடி பயமாகக்கூட இருந்தது. மனுஷன் வாய் திறந்து, பெயிலாக்கிவிடு என்று கேட்டுவிடுவாரோ என்று. கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேனோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

"ஆயிருவா" என்றேன்.

"நல்லது" என்றார். தலைக்கவசத்தை மாட்டினார். மறுபடி கழற்றினார். "அங்கே தேங்காய் கிடைக்குமா?"

"கடையில கிடைக்கும்."

"பழைய தேங்காயாத்தான் இருக்கும்" என்று அவரே சொல்லிக்கொண்டார். பிறகு, "உங்களுக்கு அப்பா இருக்காங்களா?"

"இருக்காங்க."

"தனியாவா?"

"தனியாத்தான்."

அவர் வண்டிப் பக்கம் திரும்பினார். இளநீர்களை இறக்கி வாசலில் ஒழுங்காக அடுக்கினார். ஒன்று உருண்டுபோனதை எடுத்து வந்து மறுபடி வைத்தார். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு எனக்குப் பாடம் நடத்தவே பிடிக்கவில்லை. வீட்டை விட்டுப் போகிற வழியைக் காட்டுவதற்குச் சம்பளம் வாங்குகிறேனே என்று என்மேலேயே வெறுப்பாக வந்தது. ஆனாலும் மாலையில் லான் வந்ததும் புத்தகத்தைத் திறந்தேன். வேறு என்ன செய்ய?

6

லான் தேறிவிட்டாள். போனில் அழுதுகொண்டே சொன்னாள். சக்கரத்தை அமுக்கிப் பார்ப்பதைச் சொன்னபோது தேர்வு அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாராம்.

"அப்பா என்ன சொன்னாங்க?" என்றேன்.

"சாப்பிட்டியான்னு கேட்டாங்க கோ. சாப்பிட்டேன்னேன். சரின்னு வச்சிட்டாங்க."

எனக்கு அந்தப் பெரியவர் முகம் மனதை விட்டுப் போகவே இல்லை. அவர் என்ன நினைத்துக்கொண்டு வந்தார் என்று எனக்குத் தெரியவில்லை. அதைவிட, நாற்பது வயது தாண்டியும் என் சொந்த அப்பா என்ன நினைத்தார் என்றே எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. எட்டு வருடத்துக்கு முன் இந்த வேலைக்கான நேர்காணலை மடவார் வளாகத்து வீட்டில் உட்கார்ந்துதான் கம்ப்யூட்டர் வழியாகக் கொடுத்தேன். நாங்கள் குடியிருந்த ராஜபாளையத்தில் அன்றைக்கு மின்தடை. நான் உள்ளே பேசி முடிக்கும்வரை அப்பா தெருவில் நின்று, ஹாரன் அடித்த ஆட்டோக்காரர்களை எல்லாம் விரட்டிக்கொண்டிருந்தார். வேலை கிடைத்தது என்றதும் "நல்லது" என்றார். அதுதான் அவர் சொன்ன மொத்தமும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. போன் போட்டேன். வெயில், மெஸ் ரசம் எல்லாம் பேசி முடிந்தது. வைக்கப் போனார்.

"அப்பா, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு அந்த இன்டர்வியூல நான் தேறக் கூடாதுன்னு நெனச்சீங்களா?"

டிவி சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு நின்றது.

"கேக்குத கேள்வியப் பாரு. சோலி இல்லையா ஒனக்கு?"

"சொல்லுங்கப்பா."

"நெனச்சேன்" என்றார். "நெனச்சது மட்டுமா? காலையில எந்திரிச்சு வைத்தியநாத சாமிகிட்டப் போயி ஒம்பேருக்கு அர்ச்சனை செஞ்சு, இந்தப் பிள்ளைக்கு அந்த வேலை கெடைக்கக் கூடாதுன்னு கும்பிட்டேன். பொறவு வீட்டுக்கு வந்து தெருவுல நின்னு ஆட்டோவ வெரட்டுதேன். கூறுகெட்ட பய நான்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"கெடச்சிட்டுன்னு சேதி வந்த மறுநாளும் போனேன். அதே பேருக்கு அர்ச்சனைன்னேன். குருக்கள் சிரிக்காரு, வேண்டினது பலிச்சிட்டோன்னு. ஆமா சாமின்னேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லாப்பா?"

"சொல்லிருந்தா நீ போயிருக்க மாட்டியேட்டி" என்றார்.